கும்மிடிப்பூண்டித் தொட்டிக்குள் போன காற்று

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் சோப்புத் தொழிற்சாலைக்கு வாசனைச் சரக்குகள் பல ஊர்களிலிருந்து வரும். அவற்றில் ஒன்று பென்சால்டிஹைடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பாதாம் பாலில் சொட்டு விடுகிற எசென்ஸ் வாசனைதான் அது. இரண்டாயிரத்து எட்டில் திருவள்ளூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பீப்பாய்கள் மூன்று தடவை தொடர்ந்து கெட்டுப்போய் வந்தன. மூடியைத் திருகினால் வாயைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிகம். எங்கள் முதலாளி சீனர், அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "உங்கள் ஆட்கள்தானே, நீயே போய்ப் பார். அவர்களிடம் இனிமேல் வாங்கலாமா, கூடாதா என்று எழுதிக் கொடு" என்று மலாயில் சொன்னார்.

எங்கள் ஆட்களாம். என் தாத்தா கப்பலேறியது சேலத்துப் பக்கமிருந்து. நாற்பத்தெட்டு வயதுவரை இந்தியாவை நான் டி.வி. தொடர்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொடர்களில் யாரும் திருவள்ளூருக்குப் போவதில்லை.

நான் போய்ச் சேர்ந்த அன்று அமாவாசை. பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க ஏகப்பட்ட கூட்டம். வெல்லம் கரைகிற மாதிரி உடம்பு நோவும் கரைந்துபோகும் என்று நம்பிக்கை. அதனால் லாட்ஜில் எனக்கு மிஞ்சியது ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருந்த அறை. மே மாத வெயில், போதாததற்கு மின்வெட்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், கட்டில் ஆடும். கரண்ட் வந்தால் கட்டில் நிற்கும், ஆனால் அதற்குள் எனக்குத் தூக்கம் போயிருக்கும்.

காலையில் லாட்ஜ்காரர் "நாஷ்டா ஆச்சாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்போம். எந்தச் சொல்லில் கேட்டாலும் இல்லை என்பதுதான் பதில் என்பதால் எதிர் ஓட்டலுக்குப் போனேன். இட்லியும் வடகறியும் கொடுத்தார்கள். முந்தின நாள் மிஞ்சிய வடையில் பிறந்த குழம்பு அது என்று கல்லாவில் இருந்தவரே ஒப்புக்கொண்டார். மிஞ்சியது இத்தனை ருசியாக இருந்தால் தினமும் மிஞ்சியதையே சாப்பிட நான் தயார்.

கம்பெனிக்கு இரண்டு இடம். ஆபீசும் ஆய்வுக்கூடமும் ஊரை ஒட்டிய காக்களூர் எஸ்டேட்டில். சரக்கு தயாராகிற ஆலை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்றார்கள். அது பஸ் மனது வைத்தால் மட்டும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஆலை மேனேஜர் ரகுநாதன் என்னைப் பார்ப்பதற்காகவே அன்று காக்களூருக்கு வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அளந்து பேசும் பேச்சு. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று முதல் காப்பியிலேயே சொல்லிவிட்டார். சேமிப்புத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர், பெயர் ஏழுமலை, ஒன்பது வருஷ சர்வீஸ். தொட்டிக்குள் நைட்ரஜன் விடாமலேயே விட்டதாக ரிஜிஸ்தரில் எழுதுகிறான், மெமோ கொடுத்தாயிற்று, உங்கள் அறிக்கை கையில் வந்ததும் ஆளை அனுப்பிவிடுவோம் என்றார். என் அறிக்கைக்கு அவர் தலைப்பைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பென்சால்டிஹைடு காற்றுப் பட்டால் தாங்காது. நறுக்கிப் போட்ட வாழைக்காய் கறுக்கிற மாதிரி, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பென்சாயிக் அமிலமாகிவிடும். பீப்பாய் வாயில் நான் பார்த்த வெள்ளைப் படிகம் அதுதான். அதனால் தொட்டியில் திரவத்துக்கு மேலே இருக்கும் காலி இடத்தை எப்போதும் நைட்ரஜனால் நிரப்பி வைப்பார்கள். நைட்ரஜன் யாரோடும் வம்புக்குப் போகாது. தொட்டியில் சரக்கு கெட்டிருக்கிறதென்றால் நைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே நானும் ஏழுமலையை முகம் பார்க்காமலே சந்தேகப்பட்டேன்.

ஆனாலும் சந்தேகத்தை அறிக்கை என்று எழுத முடியாது. ஒரு பொருள் ஆக்சிஜனோடு சேர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, அளக்கத்தான் வேண்டும். வழி ஒன்றும் பெரிய ரகசியமில்லை, பொறுமை வேண்டும். ஒரே சரக்கைப் பல புட்டிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரத்தில் கொஞ்சம் எடுத்து, எடுத்ததில் வினை மேற்கொண்டு நடக்காதபடி நிறுத்தி, அளந்து, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும்போது எது எதைக் கெடுக்கிறது என்று தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். நஸ்ரின், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். வேப்பம்பட்டில் மாமா வீட்டில் தங்கி ரயிலில் வந்து போகிறாள். முதல் ஒரு மணி நேரம் என்னை மேடம் என்றாள். ஒன்றாகச் சேர்ந்து புட்டி கழுவியதும் அக்கா ஆகிவிட்டேன்.

ஆறு புட்டி வைத்தோம். முதலாவது கழுத்துவரை நிரம்பியது, காற்றுக்கு இடமே இல்லை. இரண்டாவது பாதி, மேலே வெறும் காற்று. மூன்றாவதும் பாதி, மேலே நைட்ரஜன். நான்காவதில் காற்றோடு ஒரு துருப்பிடித்த ஆணி, ஏனென்றால் இரும்பு இந்த வினையைக் கிளப்பிவிடும். ஐந்தாவதைக் காற்றோடு ஜன்னல் வெயிலில் வைத்தோம். ஆறாவதில் காற்றும் இருந்தது, ஒரு சிட்டிகை ஹைட்ரோகுயினோனும் இருந்தது. பென்சால்டிஹைடு ஒரே தாவலில் அமிலமாகாது. நடுவில் பெராக்சைடு என்று ஒரு நிலை உண்டு. அதை நோக்கிப் போகும் வழியில் ஒரு மூலக்கூறு அடுத்ததைத் தொட்டுவிடும், அது அதற்கடுத்ததை, வதந்தி பரவுகிற மாதிரி. ஹைட்ரோகுயினோன் நடுவில் நின்று அதை அடக்கிவிடும்.

இந்தப் பெராக்சைடை அளக்க, பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் அயோடின் பிரிந்து பழுப்பாகும். கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் நீலம். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைகிற சொட்டில் நிறுத்திக் கணக்குப் போட வேண்டும். அமிலத்தை இதே மாதிரி காரம் சொட்டு விட்டு அளக்கலாம். அவர்களுடைய ஸ்டார்ச் கரைசலில் பூஞ்சை மிதந்தது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு நஸ்ரின் தன் டிபன் கேரியரிலிருந்து சோற்றை எடுத்துக் கரைத்துக் காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவந்தாள். எதற்கும் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தேன். அருமையான நீலம். இருபது வருஷமாக ஜெர்மன் ஸ்டார்ச்சுக்கு விலை கொடுத்தவள் நான்.

மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குத் தனியாகக் கிளம்பினேன். பஸ் கவரப்பேட்டையில் டயர் வெடித்து நின்றுவிட்டது. கண்டக்டர் யாரையும் பார்க்காமல் இறங்கி டீ குடிக்கப் போனார், அதிலிருந்து நிலைமை புரிந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நான்கு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர். என் மடியில் பாதியும் தன் மடியில் பாதியுமாகப் புது சீலிங் ஃபேன் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வீட்டில் கரண்ட் இருக்கிற நேரம் இவள் வேலைக்குப் போய்விடுவாளாம், இவள் வருகிற நேரம் கரண்ட் போய்விடுமாம், இருந்தாலும் தவணையில் வாங்கிவிட்டாளாம். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் இறங்கும்வரை யாரும் யாரிடமும் பேசமாட்டோம். இங்கே இறங்குவதற்குள் அவள் என் சம்பளத்தைத் தவிர மீதி எல்லாம் தெரிந்துகொண்டாள்.

சிப்காட் உள்ளே நுழைந்ததும் இரும்பு உருக்கும் புகை. அதைத் தாண்டினால் நான் தேடி வந்த ஆலையின் பாதாம் வாசனை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் சட்டையை மோந்துவிட்டு பாதாம்கீர் எங்கே என்று கேட்கிறார்கள், வாங்கிக் கொடுத்து மாளவில்லை என்றார்.

ஏழுமலை ஒல்லியான ஆள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், காக்கிச் சட்டையில் மேல் பித்தான்வரை போட்டிருந்தார். நைட்ரஜன் விடுகிறீர்களா என்று கேட்டேன்.

"உடுறேன் மேடம்."

தினமும் விடுகிறீர்களா என்றேன். உடுறேன் மேடம். அப்புறம் ஏன் சரக்கு கெடுகிறது என்றேன். தெரியவில்லை என்று தலையசைத்தார், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பொய் சொல்பவரின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். என் குரல் ஏறியது. இன்று காலையிலிருந்து மாலைவரை மணிக்கு ஒரு சாம்பிள் தொட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும், ஒரு மணி நேரம் தவறினாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று கறாராகச் சொன்னேன். சாம்பிள்களை வைக்க நஸ்ரின் கொடுத்தனுப்பிய பெட்டியைக் கொடுத்தேன். அது அவள் மாமா மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டி. ஒவ்வொரு புட்டியிலும் முன்கூட்டியே ஹைட்ரோகுயினோன் போட்டிருந்தேன். அதோடு ஐஸிலும் வைத்தால் எடுத்த நிமிஷத்திலேயே வினை நின்றுவிடும்.

"மணிக்கு ஒண்ணா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆலைக்குள் உட்கார்ந்து பழைய ரிஜிஸ்தர்களைப் புரட்டினேன். நடுவில் ஹைவே பக்கம் ஆந்திரா மெஸ்ஸில் சாப்பாடு. பருப்புப்பொடி, நெய், புளிச்சகீரைத் துவையல். பக்கத்தில் உட்கார்ந்த லாரி டிரைவர் பரிமாறுபவரை "நைனா, இன்னும் கொஞ்சம்" என்று நாலு தடவை கூப்பிட்டார், நாலு தடவையும் சோறு வந்தது. நானும் ஐந்தாவது தடவை அப்படியே கூப்பிட்டுப் பார்த்தேன், எனக்கும் வந்தது.

மாலை ரகுநாதன் சந்தோஷமாக வந்தார். பாருங்கள் மேடம், நீங்கள் இருக்கிறீர்கள் என்றதும் இன்று நைட்ரஜன் சிலிண்டர் ஒன்று முழுசாகக் காலி, பயம் வந்தால்தான் வேலை நடக்கிறது என்றார். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காக்களூரில் நாள் முழுக்க டைட்ரேஷன், அதாவது சொட்டு விட்டு அளக்கிற வேலை. சாம்பிள் புட்டிகளில் பாதாம் வாசனையோடு இறால் வாசனையும் கலந்திருந்தது. கரண்ட் இரண்டு தடவை போயிற்று. சொட்டு விடும் பியூரெட் குழாய்க்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தொடர்ந்தோம். ஆறு புட்டிகளும் பாடப் புத்தகம் மாதிரி நடந்துகொண்டன. நிரம்பிய புட்டியும் நைட்ரஜன் புட்டியும் அசையவில்லை. காற்றுப் புட்டியில் கோடு ஏறியது. வெயில் புட்டியில் அதைவிட வேகம், ஆணிப் புட்டியில் எல்லாவற்றையும் மிஞ்சிய வேகம். ஹைட்ரோகுயினோன் போட்டது சாதுவாக இருந்தது.

தொட்டியின் சாம்பிள்கள்தான் தகராறு செய்தன. பழைய ரிஜிஸ்தரில் ஷிஃப்டுக்கு ஒரு சாம்பிள் கணக்கில் அமிலம் மெல்ல ஏறிக்கொண்டு வந்திருந்தது. முந்தின நாள், அதாவது நான் அங்கேயே உட்கார்ந்திருந்த நாள், காலையிலிருந்து மாலைக்குள் அது செங்குத்தாக ஏறியிருந்தது. நான் தப்பாகப் புள்ளி வைத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே எண்தான்.

மதியம் நஸ்ரின் இறால் தொக்கு கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தவள், "நேத்துதான் நைட்ரஜன் அதிகமா உட்டிருக்காங்க, நேத்துதான் அதிகமா கெட்டும் போயிருக்கு. ஒண்ணும் புரியல அக்கா" என்றாள்.

எனக்கும் புரியவில்லை. நைட்ரஜன் விடாமல் ஏமாற்றுகிற ஆள் என்றால் சிலிண்டர் ஏன் காலியாகிறது? நைட்ரஜன் போகிறதென்றால் சரக்கு ஏன் கெடுகிறது? கை கழுவும்போதுதான் உறைத்தது. புட்டிகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நஸ்ரினுக்கு வகுப்பெடுத்தேனே, நேற்று தொட்டியில் மாறிய அந்த ஒன்று எது? நான் மணிக்கு ஒரு சாம்பிள் கேட்டது. அதைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. கெட்டுப்போகிறதா என்று நான் பார்க்கப் பார்க்கத்தான் அது கெட்டுப்போயிருக்கிறது.

சாம்பிளை எப்படி எடுக்கிறார்கள் என்று நஸ்ரினிடம் கேட்டேன். தொட்டியின் அடியில் வால்வு இருக்கிறதாம், ரிஜிஸ்தரில் ஒவ்வொரு வரியிலும் 'சாம்பிள் வால்வு' என்று டிக் போட்டிருக்கிறார்களாம். நீ பார்த்திருக்கிறாயா என்றேன். இரண்டு வருஷத்தில் அவளை ஆலைக்கு ஒரு தடவைகூட அனுப்பவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அங்கே வசதிப்படாது என்று சொல்லிவிட்டார்களாம். நாளைக்கு நீயும் வா என்றேன்.

நான்காம் நாள் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் இருவரும் போய் இறங்கினோம். மேனேஜர் வர இன்னும் நேரமிருந்தது. தொட்டி ஒரு மாடி உயரம், பக்கத்தில் இரும்பு ஏணி, மேலே நிற்பதற்குத் தகடு போட்ட மேடை. மேடையில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். தொட்டியின் மூடி திறந்து கயிற்றில் கட்டியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை முழுசாக நீட்டி, அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு பெரிய அட்டையால் அந்த ஓட்டையின்மேல் விசிறிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினார். ஒளிக்க முயலவில்லை. இறங்கி வந்து, கீழே இருந்த வால்வைக் காட்டினார். சக்கரத்தை நானும் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே வெள்ளைப் படிகம் இறுகி அடைத்துக் கிடந்தது. அடைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். பராமரிப்பு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். 'சாம்பிள் வால்வு ஜாம்' என்று அவர் கையெழுத்தில் பல பக்கங்களில் இருந்தது. எதிரே யாரோ 'பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தார்கள். ரிஜிஸ்தரில் ஏன் வால்வுக்கு டிக் போட்டீர்கள் என்றேன். அச்சடித்த கட்டம் அது ஒன்றுதான், வேறு எங்கே போடுவது என்றார்.

ஆக, சாம்பிள் எடுக்கவும் சரக்கின் மட்டம் பார்க்கவும் மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் நைட்ரஜன் வெளியே வரும். அதற்கு எதற்கு விசிறி என்று கேட்டேன். அவர் நஸ்ரினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தேவராஜுன்னு, என் தங்கச்சி ஊட்டுக்காரரு. வேற கம்பெனில நாங்க ரெண்டு பேரும் காண்ட்ராக்ட்ல இருந்தோம். அங்கியும் டேங்குல இந்தக் காத்துதான் உடுவாங்கோ. இது வாசன வராது, எரியாது, இருமல் வராது. சாம்பிள் எடுக்கக் குனிஞ்சாரு. அவ்ளோதான் மேடம், எழுந்துக்கல."

நைட்ரஜன் விஷமில்லை. ஆனால் அது மட்டுமே இருக்கும் இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் நினைவு போய்விடும், மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. கல்லூரியில் நான் படித்த ஒரு வரி அது. அந்த வரிக்கு ஒரு பெயரும் ஒரு தங்கையும் இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதனால் இங்கே வால்வு அடைத்துக்கொண்டதும் ஏழுமலை தன் ஷிஃப்டுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். மூடியைத் திறந்ததும் யாரும் குனியக் கூடாது. அரை மணி நேரம் திறந்தே வைத்து, விசிறிவிட்டு, நைட்ரஜன் போய்க் காற்று நிறைந்த பிறகுதான் கையை விட வேண்டும். எடுத்த பின் மூடி, மறுபடி நைட்ரஜன் விட வேண்டும். மற்ற ஷிஃப்டுகளும் அதையே பிடித்துக்கொண்டன. ஆளைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது, சரக்கைக் கெடுக்கவும் அதைவிட நல்ல வழி கிடையாது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் தொட்டி ஒரு வயிறு காற்றை விழுங்கியிருக்கிறது. திரும்பவும் நைட்ரஜன் விடுவதற்குள் சரக்கில் கரைந்த ஆக்சிஜன் தன் வேலையை ஆரம்பித்திருக்கும். முந்தாநாள் மணிக்கு ஒன்று கேட்டு நாளில் பாதி நேரம் மூடியைத் திறந்து வைத்தவள் நான்தான்.

இதை மேனேஜரிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் நஸ்ரின்.

"சொன்னா நைட்ரஜன் வீணாவுதுன்னு மெமோ. சொல்லாங்காட்டி சரக்கு கெடுதுன்னு மெமோ. எப்டியும் பேஜாருதான் கண்ணு. இதுலனா ஆளு உசுரோட கீது."

இரண்டு நாள் முன்பு அவர் என் கண்ணைப் பார்க்காததைப் பொய் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மணிக்கு ஒரு தடவை அந்த ஏணியில் ஏறி இறங்கியதையும் அவர் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மன்னியுங்கள் என்று சொன்னேன். அவர், டீ சாப்பிடுறீங்களா மேடம் என்றார்.

அன்று முழுக்க அறிக்கை எழுதினேன். மூடியைத் திறந்தது ஆபரேட்டர்தான் என்று எழுதினால் அவர் வேலை போகும். மறைத்து எழுதினால் அடுத்த பீப்பாயும் கெட்டு வரும், பழி அடுத்த ஆபரேட்டர்மேல் விழும், அவருக்கு விசிறத் தெரியாவிட்டால் உயிரும் போகலாம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது என்று முடிவு செய்தேன். முதலில் அடைத்த வால்வு, பிறகு மூடி, பிறகு விசிறி, பிறகு ஏன் விசிறி. ஆறு புட்டியின் கோடுகளையும் தொட்டியின் கோட்டையும் பின்னால் இணைத்தேன். நஸ்ரின் பெயரையும் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை, நானும் நஸ்ரினும் எதிரே இருக்க, ரகுநாதன் அதை ஆலையில் உட்கார்ந்து படித்தார். நல்ல மனிதர்தான், வால்வை உடனே மாற்றச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஏழுமலை விஷயத்தில் இறங்கி வரவில்லை. விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். மூடியைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் சாம்பிள் எடுத்து மூட வேண்டும் என்று இருந்தது. எழுதியவர் அவரே. ஒரு நிமிடம் தாராளம், மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்துவிடலாம், இவன் தன் இஷ்டத்துக்குப் புது விதி போட்டிருக்கிறான், எத்தனை டன் சரக்கு நாசம் என்றார். மூச்சை அடக்குவதை நம்பி விதி எழுதலாமா என்று கேட்டேன். நானே எடுத்துக் காட்டுகிறேன் மேடம், நீங்கள் கடிகாரத்தைப் பிடியுங்கள் என்று எழுந்துவிட்டார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். எம்.டெக். படித்தவனுக்கு நைட்ரஜன் பற்றித் தெரியாதா என்று சிரித்தார்.

அவர் ஏணியில் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். எனக்குப் பின்னால் யாரும் கூப்பிடாமலே ஏழுமலை ஏறி வந்தார். நஸ்ரின் கீழே மீன் பெட்டியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மேடைத் தகடு காலை வெயிலிலேயே சுட்டது.

ரகுநாதன் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். புகை இல்லை, நெடி இல்லை, பாதாம் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக வந்தது. ஓட்டைக்குள் பார்த்தால் இருட்டு. அடியில் எங்கோ திரவம் பளபளத்தது. சாம்பிள் டப்பா கட்டிய கம்பியை எடுத்துக்கொண்டு அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். திரவம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்ததால், எட்ட வேண்டுமென்றால் தோள்வரை உள்ளே குனிய வேண்டும்.

அப்போது ஏழுமலை பின்னாலிருந்து வந்து அவருடைய இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"குனி சார்" என்றார் ஏழுமலை. குரலில் கோபமில்லை. "நா புட்ச்சிக்கினு கீறேன். தேவராஜையும் நாந்தான் புட்ச்சிக்கினு இருந்தேன். கத்தல, ஒதறல. நா பாட்டுக்கு ஊட்டுக் கத பேசிக்கினே இருந்தேன் சார். அவரு போய்ட்டது என் கைக்குத் தெர்ல."

ரகுநாதன் குனியவில்லை. கம்பியைக் கையில் பிடித்தபடியே அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெல்ட்டை விடு என்றும் சொல்லவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

பிறகு அவர் கம்பியை மெதுவாகத் தகட்டின்மேல் வைத்தார். "அந்த மெமோவக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துடு ஏழுமல" என்றார், திரும்பாமலே. ஏழுமலை கையை எடுத்துவிட்டு, மேடை மூலையில் சொருகியிருந்த அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

மேனேஜரும் நானும் ஓட்டையிலிருந்து தள்ளி, மேடையின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, சுடுகிற தகட்டில் உட்கார்ந்தோம். திறந்த மூடி வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது அந்தச் சரக்கை என்ன வேகத்தில் அமிலமாக்கும் என்று என் கையிலிருந்த நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரை மணி நேரம் ஆகும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.